சுவருக்குள் இருக்கும் தண்ணீர்: ஒரு கேரவன் நாட்குறிப்பு

நவம்பர் 2

கதவைத் திறந்ததுமே மக்கிய வாடை. மெத்தையின் அடியில் கறுப்புப் புள்ளிகள். முன் ஜன்னலுக்குக் கீழே, இடது மூலையில், சுவர்ப்பலகையை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது.

ஊசிமுனை வைத்த ஈரமானியை அங்கே குத்திப் பார்த்தேன். 28 சதவீதம். ஜன்னலுக்கு மேலே 19, எதிர்ப்பக்கச் சுவரில் 12. பொதுவாக 15 வரை கவலைப்பட வேண்டாம் என்பார்கள். 20ஐத் தாண்டினால் எங்கோ ஒழுகுகிறது என்று கொள்ளலாம். 30க்கு மேல் என்றால் உள்ளே இருக்கும் மரம் இற்றுப்போக ஆரம்பித்திருக்கும். குத்திய இடங்களில் பென்சிலால் குறி வைத்துவிட்டேன். அதே இடத்தில் அளந்தால்தான் குறைகிறதா என்று தெரியும்.

நவம்பர் 3

ஒழுகலை அடைக்காமல், காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் டீஹியூமிடிஃபையரை ஓட்டுவது வீண் வேலை. எனவே இன்று தண்ணீர் சோதனை. அண்ணன் வெளியே ஹோஸ் பிடித்தார், நான் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தேன். கீழே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகச் சொன்னேன். எடுத்தவுடன் கூரையில் ஊற்றினால் தண்ணீர் எல்லா இணைப்புகள் மேலும் வழிந்துவிடும், எது கசிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூலையில் ஓடும் அலுமினியப் பட்டையின் ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாகத்தான் வருகிறது. அடியில் இருந்த சீலன்ட் காய்ந்து வெடித்திருக்கிறது. இந்த வண்டியின் சுவர் வெளியே அலுமினியத் தகடு, நடுவில் தெர்மாகோலும் மரச்சட்டமும், உள்ளே மெல்லிய ப்ளைவுட், அதன் மேல் வினைல் தாள். உள்ளே போன தண்ணீர் தகடு வழியாக வெளியேறாது. தாள் வழியாகவும் லேசில் வராது. மரம்தான் அதைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது.

நவம்பர் 6

பட்டையைக் கழற்றி, பழைய சீலன்ட்டைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாத ரப்பர் பசைப் பட்டை) ஒட்டி, துருப்பிடிக்காத ஸ்க்ரூக்களால் மறுபடி பூட்டினோம். மீண்டும் ஹோஸ் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட இல்லை.

நவம்பர் 8

"ஒரு கேஸ் ஹீட்டரை ராத்திரி முழுக்க எரிய விட்டா காஞ்சிடாதா?" என்று அண்ணன் கேட்டார். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் என்றால் நடப்பது நேர்மாறு. ஒரு கிலோ ப்ரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அதே அறைக்குள் சேரும். மூடிய வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு. "அப்ப வேண்டாம்" என்று உடனே விட்டுவிட்டார்.

டீஹியூமிடிஃபையரிலும் இரண்டு வகை. கம்ப்ரசர் வகை, காற்றைக் குளிர்ந்த சுருளின் மேல் ஓட்டித் தண்ணீரைப் பிரிக்கும். மின்சாரம் குறைவு. ஆனால் 15 டிகிரிக்குக் கீழே போகப் போகத் திணறும், சுருளில் உறைபனி படியும். மற்றது, ஈரத்தை உறிஞ்சும் ஜியோலைட் சக்கரம் சுழலும் டெசிகன்ட் வகை. மின்சாரம் கூடுதலாக இழுக்கும், ஆனால் கடுங்குளிரிலும் வேலை செய்யும். வெளிவிடும் காற்று வெதுவெதுப்பாக இருப்பது மரம் காய்வதற்கும் நல்லது. இரவில் இப்போது 6 டிகிரி. டெசிகன்ட் வாங்கியாகிவிட்டது.

நவம்பர் 9

முதலில் மாஸ்க் போட்டுக்கொண்டு பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தோம். அதை அப்படியே விட்டு மின்விசிறிக் காற்றை ஓட்டினால் வித்துகள் வண்டி முழுக்கப் பரவும். மெத்தைகளை நிமிர்த்திச் சாய்த்து வைத்தேன். அலமாரிகள், படுக்கைக்கு அடியில் உள்ள பெட்டிகள், குளியலறைக் கதவு எல்லாம் திறந்தாகிவிட்டது.

ஜன்னல்களை இறுக மூடி, கூரைக் காற்றுத்துளையை வெளியிலிருந்து பிளாஸ்டிக் தாளால் போர்த்தினேன். வெளிக்காற்று வந்துகொண்டே இருந்தால் கருவி ஊரையே காய வைக்கப் பார்க்கும். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டேன். அப்படியும் தரையில் உள்ள கேஸ் வெளியேறும் துளைகளைத் தொடவில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். அந்தத் துளைகளை அடைக்கும் பழக்கமே வரக் கூடாது.

வடிகுழாயை சிங்க்குக்குள் விட்டால் தொட்டி நிறைந்து கருவி நிற்கும் தொல்லை இல்லை. ஆனாலும் இப்போதைக்குத் தொட்டியிலேயே சேரட்டும், எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டேன். சுற்றியபடி நீண்ட நேரம் மின்சாரம் ஓடினால் சூடேறும்.

நவம்பர் 10

காலையில் தொட்டியில் இரண்டு லிட்டருக்கு மேல்! அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். நான் கணக்குப் போட்டேன். வண்டிக்குள் சுமார் 20 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவிதான் தாங்கும். ஆக மொத்தக் காற்றிலும் சேர்த்து 350 கிராம்கூட இல்லை. மீதியெல்லாம் மெத்தை, திரைச்சீலை, கார்ப்பெட், பலகை இவற்றிலிருந்து வந்தது, கொஞ்சம் இடுக்குகள் வழியே நுழைந்த காற்றோடும் வந்திருக்கும். தொட்டி நிறைவதை வைத்துச் சுவர் காய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

மூலை இன்னும் 28.

நவம்பர் 14

காற்றின் ஈரப்பதம் 54 சதவீதத்துக்கு வந்துவிட்டது, வாடையும் போய்விட்டது. பலர் இந்த இடத்தில் கருவியை அணைத்து எடுத்துவிடுவார்கள். மூலை 26. காற்று காய்ந்துவிட்டது, சுவர் காயவில்லை. கருவியை 35 சதவீத ஈரப்பதத்துக்குத் திருகி வேகப்படுத்தலாம்தான். ஆனால் அப்படிச் செய்தால் மற்ற இடத்து மரச்சாமான்கள் சுருங்கி, ஓரங்கள் பிளக்கும். அந்த மூலைப் பலகையோ எப்படியும் போனதுதான். அதை வெட்டி எடுத்துவிட்டால் காற்று நேரே சட்டத்தில் படும்.

வெட்டிவிட்டேன். உள்ளே மரச்சட்டம் கறுத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போனேன். அடி நுனியில் ஒரு விரல் நீளம் மட்டும் பஞ்சாக இறங்கியது, மற்றதெல்லாம் கெட்டி. இதைப் பார்த்தபின்தான் மனம் சற்று அமைதியானது. கருவியின் வாயை அந்தப் பக்கம் திருப்பி, சிறிது இடைவெளி விட்டு வைத்திருக்கிறேன். வடிகுழாயும் இன்று முதல் சிங்க்கில்.

நவம்பர் 23

திறந்த சட்டத்தில் 20. ஜன்னலுக்கு மேலே 15.

டிசம்பர் 6

இரண்டு நாள் அடைமழை. பட்டைக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. சட்டம் 15. இற்ற நுனியை வெட்டிப் புதுக்கட்டை பொருத்தினோம். மேலே பலகை அடிப்பதை மட்டும் தள்ளி வைத்திருக்கிறேன். இன்னொரு பெருமழைக்குப் பிறகும் எண் ஏறாமல் இருக்கட்டும், அப்புறம் மூடலாம். கூரையில் போர்த்திய தாளை எடுத்தாயிற்று. கருவியை 55இல் வைத்திருக்கிறேன், தேவைப்படும்போது தானே ஓடி நிற்கும்.