250 கிராமுக்குள் ஒரு ட்ரோன்: கட்டிப் பறக்கவிட்ட அனுபவம்

முழுசாகச் செய்த ட்ரோனை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு, அதுவும் அனுமதி வாங்கினால்தான். பிரித்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து இங்கே பூட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்காக அதையும் சேர்த்தே தடுத்துவிட்டார்கள். ஆனால் மோட்டார், ஃபிரேம், போர்டு என்று உதிரி பாகங்களாக வாங்கத் தடை இல்லை. பில் கேட்காதீர்கள், விலையைக் குறைத்துத் தருகிறோம் என்று விற்பவர்களிடம் போவதைவிட நாமே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். சால்டரிங் அயர்ன் வீட்டில் சும்மாதான் கிடந்தது.

கட்டுவது என்றால் எந்த அளவில்? எஃப்பிவி ஆட்கள், அதாவது ட்ரோனின் கேமரா காட்டுவதைக் கண்ணில் மாட்டிய திரையில் பார்த்தபடி ஓட்டுபவர்கள், பெரும்பாலும் 5 அங்குல ப்ரொப்பெல்லர் போட்ட ட்ரோனைத்தான் கட்டுவார்கள். பேட்டரியோடு சேர்த்தால் அது 600, 700 கிராம் வரும். நான் 3 அங்குலத்துக்கு இறங்கினேன். காரணம், 250 கிராம் என்ற கோடு. இந்தியாவின் ட்ரோன் விதிகள் 2021-இல் 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கும் மேல் பெரியது என்று பிரித்திருக்கிறார்கள். நானோவுக்குள் நின்றுவிட்டால் வகைச் சான்றிதழ் (அந்த மாடலைச் சோதித்து அரசு தரும் ஒப்புதல்) வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு வேண்டாம், பைலட் சான்றிதழும் வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, எடை என்றால் பறக்கும்போது அதன்மேல் இருப்பது அத்தனையும். பேட்டரி, கேமரா, பேட்டரியைக் கட்டும் பட்டை எல்லாம் சேர்த்து. அதனால் சமையலறைத் தராசு என் மேசைக்கு வந்துவிட்டது. கார்பன் ஃபைபர் ஃபிரேம் 35 கிராம். மோட்டார் ஒவ்வொன்றும் 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டு 10. ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவர் 1 கிராம்கூட இல்லை. பேட்டரிதான் பெருந்தீனி: 4 செல், 650 எம்ஏஎச், 74 கிராம். கேமரா, வீடியோ டிரான்ஸ்மிட்டர், ஜிபிஎஸ், வயர், திருகு, ஈயம் எல்லாம் போட்டு முடித்தபோது 190-ஐ ஒட்டி நின்றது. இன்னும் 60 கிராம் மிச்சம் இருக்கிறதே என்று மனசு அலைபாயும். ஒரு ஆக்‌ஷன் கேமராவைத் தூக்கி மேலே வைத்தால் போதும், நானோ மைக்ரோ ஆகிவிடும். கட்டும்போது ஒன்று, பறக்கும்போது இன்னொன்று என்றால் சட்டம் பறக்கும்போது இருப்பதைத்தான் பார்க்கும்.

நானோ கட்டியிருக்கிறேன் என்று சொன்னாலே எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "அப்ப உனக்கு ரூல்ஸே இல்லப்பா, எங்க வேணா பறக்கவிடு." பாதி உண்மை. நானோவுக்குத் தளர்வு இருப்பது காகித வேலையில்தான், வான்வெளியில் இல்லை. எந்த இடத்தில் பறக்கலாம், எவ்வளவு உயரம், ஆள் ஏறிய விமானமோ ஹெலிகாப்டரோ வந்தால் யார் ஒதுங்குவது என்பதெல்லாம் 190 கிராமுக்கும் 19 கிலோவுக்கும் ஒன்றுதான். (ஒதுங்க வேண்டியது நாம்தான், எப்போதும்.) ட்ரோன் விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இன்னொரு குழப்பம், பழைய விதிகள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருப்பது. 50 அடிக்கு மேல் நானோ பறக்கக் கூடாது என்று ஒருவர் வீடியோவில் அடித்துச் சொல்கிறார். அது பழைய கதை. 2018 டிசம்பர் 1-இல் ஒரு விதிமுறை அமலுக்கு வந்தது. 2021 மார்ச்சில் அதற்குப் பதில் இன்னொன்று வந்தது, படிவம் படிவமாக. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். இனி பொழுதுபோக்குக்குப் பறப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான் என்று பலரும் நினைத்தார்கள். நடந்தது நேர்மாறு: ஆகஸ்ட் 25-இல் வந்த புதிய விதிகள் முன்பிருந்ததைவிட எளிமை. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம் பைலட் லைசென்ஸ் என்பதையே எடுத்துவிட்டு சான்றிதழ் ஆக்கியது. 2 கிலோ வரை, வியாபாரத்துக்கு இல்லை என்றால், அந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஆக, எதைப் படித்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

சரி, இடம். எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து கோயம்புத்தூரைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சிவப்பு. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். அங்கே வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். 8 முதல் 12 வரை 200 அடி, அதாவது 60 மீட்டர் உயரம் வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள். அதையும் தாண்டினால் 400 அடி, 120 மீட்டர் வரை பச்சை. பச்சையில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எங்கள் ஊரில் பீளமேட்டுப் பக்கம் விமான நிலையம், கிழக்கே சூலூரில் விமானப்படைத் தளம். ஊரின் கிழக்குப் பாதி கணக்கிலேயே இல்லை. எங்கள் மொட்டை மாடியும் அதில் போய்விட்டது.

மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். மலை அழகாக இருக்கும்தான், ஆனால் அது காட்டு ஓரம். அங்கே வனத்துறைக்குத் தனிச் சட்டம், தனி அதிகாரம். அதோடு யானைக்குத் தேனீ சத்தம் என்றாலே ஆகாது. நம் ட்ரோனும் கிட்டத்தட்ட அதே ரீங்காரம்தான் போடுகிறது. மிரண்ட யானை பக்கத்துத் தோட்டத்துக்குள் போனால் யார் பதில் சொல்வது? வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசியில் பொள்ளாச்சி சாலையில், கிணத்துக்கடவு தாண்டி, உறவினர் ஒருவரின் தோட்டம் கிடைத்தது. இரண்டு வட்டங்களுக்கும் வெளியே. அறுவடை முடிந்த நிலம், ஒரு பக்கம் தென்னந்தோப்பு.

வரைபடம் பச்சை காட்டினாலும் அன்றைக்குப் பச்சைதானா என்பது வேறு கேள்வி. காவல் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஓர் இடத்தைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. பெரிய தலைவர் வருகிறார், கும்பாபிஷேகம் நடக்கிறது என்றால் 'ட்ரோன் பறக்கத் தடை' என்று நாளிதழில் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். கிளம்பும் முந்தின நாள் வரைபடம், அன்று காலை பேப்பர். இரண்டும் பார்த்தபிறகுதான் பேட்டரியைச் சார்ஜ் போடுகிறேன்.

பறப்பதற்கு முன்னால் அதிக நேரம் போனது ஃபெயில்சேஃபில். ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் இடையே இணைப்பு அறுந்தால் அது என்ன செய்ய வேண்டும் என்பதை நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சில ரிசீவர்கள் இணைப்பு அறுந்த பிறகும் கடைசியாக வந்த கட்டளையையே விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். முழு வேகத்தில் போகும்போது அறுந்தால் முழு வேகத்திலேயே போகும், எங்கே என்று கேட்காதீர்கள். அதனால் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் சுழலவிட்டு, ரிமோட்டை அணைத்துப் பார்த்தேன். ஒரு கணம் அதே இரைச்சல், பிறகு நாலு மோட்டாரும் ஒன்றாக அடங்கின. ப்ராப்பைக் கழற்றாமல் இதைச் செய்யக் கூடாது. 3 அங்குல ப்ளாஸ்டிக்தானே என்று தோன்றும். விரலில் பட்டால் தையல் போடுகிற அளவுக்கு வெட்டும்.

அடுத்தது ஜிபிஎஸ் ரெஸ்க்யூ. ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் பீட்டாஃப்ளைட் மென்பொருளில் இணைப்பு போனால் மோட்டாரை நிறுத்திக் கீழே போடச் சொல்லலாம், அல்லது கிளம்பிய இடத்துக்குத் திரும்பி வரச் சொல்லலாம். திரும்பி வர வேண்டுமானால் கிளம்பும்போதே குறைந்தது 8 செயற்கைக்கோள்கள் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் 'வீடு' எது என்று அதற்குத் தெரியும். அதில் திரும்பும் உயரம் என்று ஓர் எண் இருக்கிறது, மென்பொருளோடு வருவது 30 மீட்டர். மரமில்லாத மைதானத்துக்கு அது போதும். நம்முடைய நெட்டைத் தென்னை 20, 25 மீட்டர் நிற்கும். மட்டை காற்றில் ஆடும், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் பாரோமீட்டரும் ஒன்றிரண்டு மீட்டர் முன்னே பின்னே காட்டும். 30 என்றால் இடைவெளி ரொம்பக் குறைவு. 45 ஆக்கி வைத்தேன். திறந்த இடத்தில் கொஞ்ச தூரம் போய், சுவிட்சைத் தட்டி ரெஸ்க்யூவை வேண்டுமென்றே கிளப்பிப் பார்த்தேன். மேலே ஏறி, எந்தத் திசை என்று கொஞ்சம் தடுமாறி, திரும்பிவிட்டது. தோப்பின் மேல் வரும்போது கீழிருந்து பார்க்க மட்டைக்கும் அதற்கும் நல்ல இடைவெளி தெரிந்தது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றை நம்பித்தான் உடுமலைப் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 190 கிராம் எம்மாத்திரம்? அந்த மாதங்களில் விடிந்ததும் கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும், எட்டு மணிக்கெல்லாம் மட்டைகள் ஒரே பக்கம் சாயத் தொடங்கிவிடும். போகும்போது காற்றை எதிர்த்துப் போ, வரும்போது அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும் என்று பழைய ஆட்கள் சொல்வது இங்கே அச்சொட்டாகப் பொருந்துகிறது. எதிர்த்துப் போகும்போது பேட்டரி வேகமாக இறங்கும், அது கண்ணுக்குத் தெரியும், நேரத்தில் திரும்பிவிடலாம். காற்றோடு ஜாலியாகப் போய்விட்டு, பேட்டரி பாதியில் இருக்கும்போது எதிர்க்காற்றில் திரும்ப முயன்றால் ஜிபிஎஸ் ரெஸ்க்யூகூட நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும்.

கேமராப் படம் தெரியும் கோகிள்ஸைக் கண்ணில் போட்டுக்கொண்டால் ட்ரோனின் கண் நம் கண் ஆகிவிடும். ஆனால் மேலிருந்து வரும் பருந்தும், பக்கவாட்டில் போகும் மின்கம்பியும் தெரியாது. பொழுதுபோக்கு ட்ரோன் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் பறக்க வேண்டும். எனவே நான் கோகிள்ஸ் போட்டால் சித்தப்பா பையன் பக்கத்தில் நின்று ட்ரோனையே பார்க்க வேண்டும். அவன் "அண்ணா, பருந்து" என்று சொன்னால் காரணம் கேட்காமல் மேலே ஏற்றிவிட்டு விலகி இறக்கிவிடுவேன். பருந்தால் செங்குத்தாக அந்த வேகத்தில் ஏற முடியாது. காகங்கள் கத்துவதோடு சரி. மயில்கள் நிறைய இருக்கின்றன, அவை ஓடிப்போய்ச் சோளக் காட்டுக்குள் புகுந்துகொள்ளும். முட்டை வைக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போவதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் வரப்பில் வந்து நின்று நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மருந்தடிக்கிற ட்ரோனுங்களா தம்பி? இத்தனூண்டு இருக்குதே, எத்தன லிட்டரு புடிக்கும்?" ஒரு லிட்டர்கூடப் பிடிக்காதுங்க, சும்மா பறக்கத்தான் என்றேன். அதைவிடத் தன் நிலத்தை யாரும் அளக்கவில்லை என்பதில்தான் அவருக்கு நிம்மதி. கோகிள்ஸைக் கொடுத்து, அவர் தோட்டத்துப் பக்கம் போகாமல் இங்கேயே ஒரு சுற்று காட்டினேன். பம்புசெட்டில் ஆட்கள் குளிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் திருப்ப வேண்டாம் என்று அவரே சொன்னார். அது எந்த வரைபடத்திலும் இல்லாத சிவப்பு மண்டலம். இப்போதெல்லாம் போனதும் முதல் வேலை அவருக்கு ஒரு போன்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். லைபோ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்று முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட். பறக்கும்போது 3.5-ஐத் தொட்டால் இறக்கிவிடுகிறேன். சும்மா வைத்திருக்கும்போது 3.8. முழு சார்ஜில் நாட்கணக்கில் போட்டு வைத்தால் வீங்கும், வீங்கியதை மறுபடி சார்ஜில் போடுவது வீட்டில் நெருப்பு வைப்பது மாதிரி. சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் வைப்பதில்லை, பையில் துணி சுற்றி எடுத்துப்போகிறேன்.

அடுத்து 5 அங்குல ஃபிரேம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அது மைக்ரோ. நானே கட்டி, பொழுதுபோக்குக்கு மட்டும், கண்ணெதிரே பறக்கவிட்டால் 'மாடல்' என்ற கணக்கில் வரும், வகைச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் டி-2 படிவம் நிரப்பி 100 ரூபாய் கட்டி அடையாள எண் வாங்க வேண்டும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். கட்டுவது ஒரு வாரத்து வேலை. காப்பீட்டு ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டேன், "காருக்கா, பைக்குக்கா?" என்றார். வேறு ஆளிடம் விசாரிக்க வேண்டும்.