பழையது என்று மூடி வைத்த புட்டி

புதியது என்று நான் மகிழ்ந்த பூச்சி புதியதல்ல. பழையது என்று சீட்டெழுதி, ஓராண்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த புட்டிக்குள்தான் புதியது இருந்தது. ஒரு சிற்றினத்தை விவரித்து எழுதும் வேலையில் நான் கற்றதெல்லாம் இந்த இரண்டு தவறுகளுக்கு நடுவில் கற்றதுதான். அடுத்து இதில் இறங்குகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கிணற்றிலும் குளத்திலும் தண்ணீரின்மேல் கால் நனையாமல் ஓடும் பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது மூட்டைப்பூச்சிக்கு உறவு. அதே போன்ற குத்தி உறிஞ்சும் அலகு அதற்கும் உண்டு. முன்கால்கள் இரையைப் பிடிக்க, நடுக்கால்கள் துடுப்பாக, பின்கால்கள் சுக்கானாக வேலை செய்கின்றன. பெரும்பாலான பூச்சிகளுக்கு நகம் பாதத்தின் நுனியில் இருக்கும். இவற்றுக்கு நுனியிலிருந்து சற்று மேலே தள்ளி இருக்கிறது. ஓடும்போது நகம் நீர்ப்பரப்பின் படலத்தைக் கிழித்துவிடாமல் இருப்பதற்கு அந்த அமைப்பு. முதன்முதலில் நுண்ணோக்கியில் அதைப் பார்த்த அன்று நான் வேறு எதையும் பார்க்கவில்லை. அந்த ஒரு பாதத்தையே மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலை ஓடைகளில் வாழ்பவை தனிக்கூட்டம். அவற்றில் மெட்ரோகோரிஸ் என்ற பேரினத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஆஸ்திரியப் பூச்சியியலாளர் மாயர் 1865-இல் நிறுவிய பேரினம் இது. அரை சென்டிமீட்டர் அளவில், கட்டைக் குட்டையாக, மஞ்சள் உடலில் கறுப்புக் கோடுகளுடன், நிழல் விழும் தேக்கங்களில் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். பழனி மலையின் தெற்குச் சரிவில், பெரியகுளத்துக்கு மேலே உள்ள ஓடைகள் எனக்கு மாணவப் பருவத்திலிருந்தே பழக்கம்.

காப்புக்காட்டில் ஒரு பூச்சியை எடுப்பதற்கும் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். எனக்கு ஏழு மாதம் ஆனது. எத்தனை மாதம் ஆனாலும் அதைப் பெற்ற பிறகே வலையைத் தொடுங்கள். அனுமதி இல்லாமல் பிடித்த மாதிரியின்மேல் எழுப்பும் வேலை எந்த நேரமும் சரிந்துவிடும். கட்டுரையில் அனுமதி எண்ணைக் கேட்கும் ஆய்விதழ்களும் உண்டு.

2022 ஜனவரியில் முதல் பயணம். அந்தச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஓடை புரண்டு வரும்போது பூச்சிகளைத் தேடிப் பயனில்லை. தை பிறந்து தண்ணீர் தெளிந்த பின்புதான் தேக்கங்கள் நிரம்பிக் கிடக்கும். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். நான் கொண்டுபோன நீண்ட கைப்பிடி வலை பாறை இடுக்குகளுக்குள் நுழையவில்லை. அவர் வீட்டிலிருந்த தேநீர் வடிகட்டியை ஒரு குச்சியில் கட்டிக் கொடுத்தார். இன்றுவரை அதைவிடச் சிறந்த கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

மாதிரிகளை எழுபது விழுக்காடு ஆல்கஹாலில் இட்டோம். டி.என்.ஏ. ஆய்வுக்கானவை மட்டும் நீர் கலக்காத ஆல்கஹாலில். ஒவ்வொரு புட்டிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டு: இடம், உயரம், நாள், பிடித்தவர். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும். சீட்டு அழிந்த மாதிரியால் எந்தப் பயனும் இல்லை.

ஊருக்குத் திரும்பி அவற்றைப் பிரித்தபோது கண்ணுக்கு மூன்று வகைகள் தெரிந்தன: அடர்ந்த கறுப்புக் கோடுகள் கொண்டது, வெளிறியது, முன்தொடை மிகத் தடித்தது. மூன்றில் இரண்டு புதியவை என்றே முடிவு கட்டிவிட்டேன். படங்கள் எடுத்து, அட்டவணை போட்டு, நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். சென்னையில் இத்துறையில் நெடுங்காலம் பழகிய ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை ஆண்களைத் திறந்து பார்த்தீர்கள்?"

ஒன்றைக்கூடத் திறந்திருக்கவில்லை.

இந்தப் பேரினத்தில் மேல்தோலின் நிறம் ஏமாற்றும். புதிதாகத் தோலுரித்த பூச்சி வெளிறியிருக்கும். ஆல்கஹாலில் கிடக்கக் கிடக்க மஞ்சளும் மங்கும். முன்தொடை பருப்பது ஆணுக்கு ஆண் வேறுபடும். நான் வெளிறிய வகை என்று பிரித்தவற்றில் பாதி முழு வளர்ச்சி அடையாத இளம்பூச்சிகள். வளர்ந்த பூச்சிக்குப் பாதம் இரண்டு கணுக்களாக இருக்கும், இளம்பூச்சிக்கு ஒன்றுதான். அதை எண்ணிப் பார்த்திருந்தாலே போதும். மூன்று வகைகளும் ஒரே சிற்றினம். அதுவும் நூறாண்டுக்கு முன்பே பெயர் பெற்றது. நாற்பது பக்கத்தையும் ஒதுக்கி வைத்தேன். அந்த வாரம் மனம் மிகவும் கனத்திருந்தது.

சிற்றினத்தைச் சொல்லும் அடையாளம் ஆணின் வயிற்று நுனிக்குள் மடிந்திருக்கும் இனப்பெருக்க உறுப்பில் இருக்கிறது. அதனுள் உள்ள கடினமான சிறு தகடுகளின் வடிவமும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதமும்தான் சாட்சி. பார்க்கும் முறை இதுதான். வயிற்றின் கடைசிக் கணுக்களை மெல்லிய ஊசியால் வெளியே இழுத்து, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்க வேண்டும். தசை கரைந்து தகடுகள் மட்டும் நிற்கும். நீரில் கழுவிக் கிளிசரினில் மாற்றி நுண்ணோக்கியின் கீழ் வைக்கலாம். அவசரப்பட்டுச் சூடேற்றாதீர்கள். நான் சூடாக்கிய முதல் இரண்டு மாதிரிகளில் தகடுகளே கண்ணாடிபோல் வெளிறிவிட்டன. விளிம்பு எங்கே என்று தெரியவில்லை. அறை வெப்பத்தில் ஓரிரவு விட்டு, இடையிடையே பார்த்து வந்தால் போதும். பார்த்து முடித்த உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய சிறு குப்பியில் இட்டு, அதே பூச்சியைக் குத்தி வைத்த ஊசியிலேயே கோத்துவிட வேண்டும்.

கைப்பழக்கத்துக்காக, நன்கு தெரிந்த இனம் என்று மூடி வைத்திருந்த புட்டிகளையும் எடுத்துத் திறக்கத் தொடங்கினேன். 2023 பிப்ரவரியில் ஓர் இரவு, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் எடுத்த ஆண் ஒன்று. வெளியே பார்த்தால் கீழ் ஓடையில் உள்ளதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. உள்ளே தகடு வேறாக இருந்தது. கீழ் ஓடை ஆண்களில் நேராக முடியும் தகடு, இதில் கொக்கிபோல் வளைந்து நின்றது. இன்னொன்றைத் திறந்தேன், அதிலும் கொக்கி. ஐந்தாவதிலும் அதே கொக்கியைப் பார்த்தபோது விடிந்திருந்தது. இம்முறை யாரிடமும் சொல்லவில்லை.

வேறாக இருக்கிறது என்பது ஒன்று, இதுவரை யாரும் விவரிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை நிறுவுவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. 1993-இல் சென், நீசர் இருவரும் இந்தப் பேரினம் முழுவதையும் திருத்தி எழுதியிருக்கிறார்கள். அதன் பிறகு இந்தியாவிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து ஒவ்வொரு படத்தோடும் என் கொக்கியை ஒப்பிட்டேன். பழைய விவரணைகள் பலவற்றில் நிறமும் நீளமும் மட்டுமே இருக்கும். அவை எழுதப்பட்ட காலத்தில் உட்தகட்டைப் பார்க்கும் வழக்கம் இல்லை. பிரிட்டிஷ் பூச்சியியலாளர் டிஸ்டன்ட் விவரித்த இந்தியப் பூச்சிகளின் மூல மாதிரிகள், அதாவது அந்தப் பெயர்களுக்கு ஆதாரமான மாதிரிகள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கிருந்து கேட்டுப் பெற்ற படங்களில் அட்டையில் ஒட்டிய அந்தச் சிறு உடல்களைப் பார்த்தபோது எனக்கு மரியாதையே தோன்றியது. சீட்டில் எழுதிய கை எப்போதோ மறைந்துவிட்டது. பூச்சியின் கால் மயிர்கூட உதிரவில்லை.

பெண் பூச்சிகளால் வேறொரு சிக்கல் வந்தது. பெண்ணுக்கு இத்தனை தெளிவான உள்ளடையாளம் கிடைப்பதில்லை. எந்தப் பெண் எந்த ஆணுக்கு உரியது? விடை ஓடையிலேயே இருந்தது. இணை சேரும்போது ஆண் பெண்ணின் முதுகில் ஏறி நெடுநேரம் விடாமல் இருக்கும். 2024 ஜனவரியில் மீண்டும் போய், இணைந்திருந்த சோடிகளை மட்டும் பிடித்து, சோடிக்கு ஒரு புட்டி என வைத்தோம். ஒன்பது சோடிகள். கூட வந்த மாணவி எட்டு மணி நேரம் குளிர்நீரில் நின்றாள். அதே பயணத்தில் பெரியவர் ஒன்று சொன்னார்: இவை அருவி விழும் இடத்துக்கு மேலேதான் இருக்கும், கீழே இறங்கி வந்து அவர் பார்த்ததில்லை. எங்கள் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது.

டி.என்.ஏ.வுக்கு ஒரு நடுக்கால் போதும். பூச்சிகளில் வழக்கமாகப் படிக்கும் 658 எழுத்து நீளமுள்ள மரபணுத் துண்டைத்தான் நாங்களும் படித்தோம். கொக்கி உள்ளவையும் இல்லாதவையும் இரண்டு தனிக் கிளைகளாகப் பிரிந்தன. இருந்தாலும் அதை மட்டும் வைத்து எழுத வேண்டாம். அருங்காட்சியகத்தில் உள்ள நூறாண்டுப் பூச்சியோடு ஒப்பிட வடிவம்தான் கைகொடுக்கும்.

பெயர் வைப்பதற்கு அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதிகள் இருக்கின்றன. 1999-க்குப் பிறகு வரும் எந்தப் புதிய சிற்றினத்துக்கும் மூல மாதிரியைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்பதும் கட்டுரையில் இருக்க வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். பெயரடையாக வைத்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலுக்கு ஏற்பத் திரியும். பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் திரியாது. நாங்கள் அந்த ஓடையின் பெயரையே, அங்குள்ளவர்கள் சொல்லும்படியே எடுத்துக்கொண்டோம். கட்டுரை அச்சேறும் முன் பெயரை வெளியே சொல்வது முறையல்ல என்பதால் இங்கேயும் எழுதவில்லை.

கட்டுரையை ஆய்விதழுக்காகப் படித்த மதிப்பீட்டாளர்களில் ஒருவர் கடுமையாக எழுதியிருந்தார்: ஐந்து ஆண்களை வைத்து முடிவு செய்ய முடியாது. முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு இன்னும் ஆறு ஆண்களைத் திறந்தேன். கொக்கியின் வளைவில் சிறு வேறுபாடுகள் இருந்தன. அவற்றையும் வரைந்து சேர்த்தேன். கட்டுரையின் வலுவான பக்கம் இப்போது அதுதான்.

இந்தியாவில் புதிய உயிரினத்தை விவரிப்பவர் அதன் மாதிரிகளை அரசு அறிவித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம். 2025-இல் மூல மாதிரியைச் சென்னை சாந்தோமில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குக் கொண்டுபோனேன். பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். அங்கே பதிவேட்டில் எண் எழுதி, சிவப்புச் சீட்டைக் குத்தி, இழுப்பறைக்குள் வைத்தார்கள். இனி அது என்னுடையதல்ல. ஐயம் வருகிறவர் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

எங்கள் விவரணையில் ஒரு வரி இருக்கிறது: "சிறகுள்ள வடிவம்: அறியப்படவில்லை." நாங்கள் பிடித்த அத்தனையும் சிறகில்லாதவை. இவ்வகைப் பூச்சிகளில் ஒரே சிற்றினத்திலேயே சிறகுள்ளதும் இல்லாததும் பிறப்பதுண்டு. சிறகுள்ளது ஒன்று கிடைத்தால், அருவிக்கு மேலே உள்ள இந்த ஓடையிலிருந்து மலை முகட்டைத் தாண்டி அடுத்த ஓடைக்கு இவை போக முடியும் என்று தெரியும். கிடைக்காவிட்டால் இவற்றுக்கு உலகமே அந்த ஐந்தாறு தேக்கங்களாக இருக்கக்கூடும். அதே ஓடை கீழே சாலையைத் தொடும் இடத்தில் ஆட்கள் சோப்பு நுரையோடு குளிக்கிறார்கள். சோப்பு கலந்த நீரில் பரப்பு இழுவிசை குறைந்துவிடுகிறது. இந்தப் பூச்சியால் அதன்மேல் நிற்க முடியாது. மேலே இன்னும் யாரும் ஏறவில்லை. தை பிறந்ததும் வடிகட்டியை எடுத்துக்கொண்டு மீண்டும் போகிறோம்.