எர்னி டேவிஸ் கட்டுரைக்கு ஒரு தலைப்பு

பக்கம் அச்சுக்குப் போக வேண்டிய நேரத்தில் தலைப்புக்காக நானும் துணை ஆசிரியரும் வாதாடியது புதிதல்ல. ஆனால் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலின் வீரர் எர்னி டேவிஸ் பற்றிய கட்டுரைக்காக நடந்த வாதம் மட்டும் எனக்குள் இன்னும் ஓயவில்லை. அவர் போட்ட தலைப்பு: ‘ஓர் ஆட்டம்கூட ஆடாத நாயகன்’.

அதில் பொய்யில்லை. கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாக எடுக்கும் என்.எஃப்.எல். லீக்கின் 1962-ஆம் ஆண்டுக்கான தேர்வில் முதலில் எடுக்கப்பட்டவர் டேவிஸ்தான். எடுத்த வாஷிங்டன் அணி அவரைக் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அந்தக் கோடையிலேயே ரத்தப் புற்றுநோய் தெரியவந்தது. 1963 மே 18 அன்று, 23 வயதில், தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே இறந்துபோனார்.

“அப்படியானால் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு அவர் ஆடியதெல்லாம் ஆட்டமில்லையா சார்?” என்று கேட்டேன். கேட்டதில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். 1960 ஜனவரி முதல் தேதி டாலஸில் நடந்த காட்டன் பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். எதிர்த்து ஆடிய டெக்சாஸ் அணியில் ஒரு கறுப்பின வீரர்கூடக் கிடையாது. தொடைத் தசைப் பிடிப்போடு இறங்கிய டேவிஸ், ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே பந்தைப் பிடித்து, எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறும் ‘டச்டவுனை’ 87 கெஜத்தில் முடித்தார். சிரக்யூஸ் 23-14 என்று வென்றது. ஆட்ட நாயகனும் அவரே. அன்றிரவு விருந்தில் கறுப்பின வீரர்கள் பரிசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. மறு ஆண்டு, 1961-இல், கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். விருதுக்காக நியூயார்க் வந்தவரை அதிபர் கென்னடி தானே அழைத்துச் சந்தித்தார். இத்தனையும் செய்த ஒருவரை, செய்ய முடியாமல் போன ஒன்றை வைத்து அறிமுகப்படுத்துவதா?

சார் சத்தம் போடவில்லை. “நானும் கல்லூரிக்கு ஹாக்கி ஆடியவன்தான் தம்பி. மாநில அணிக்குப் போகவில்லை என்றதும் அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஊர் கணக்கு வைப்பது அப்படித்தான்” என்றார். பிறகு அவரே தலைப்பை அடித்துவிட்டு, டேவிஸ் கல்லூரியில் அணிந்த எண்ணை வைத்து ‘44-ஆம் எண் சட்டை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் பேச்சு நின்றது. ஆனால் ஊர் கணக்கு தவறு என்று நான் சொன்னபோது, டேவிஸின் கணக்கு என்னவாக இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லையோ என்ற சந்தேகம் பிறகு வந்தது. நோய் சற்று அடங்கியிருந்த மாதங்களில் அவர் ஆடவே விரும்பினார். அணியின் உரிமையாளர் ஆர்ட் மாடல் ஆடவிடலாம் என்றார். பயிற்சியாளர் பால் பிரவுன் முடியாது என்று உறுதியாக நின்றார். கிளீவ்லாந்து ரசிகர்கள் அவரைச் சீருடையில் பார்த்தது, போட்டிப் பருவத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் விளக்கொளி பின்தொடர அவர் மைதானத்துக்குள் ஓடி வந்தபோதுதான். கையில் பந்து இல்லை.

ஆடவிடாத பயிற்சியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளிப் பையனை அந்த முரட்டு மோதலுக்குள் அனுப்பும் துணிச்சல் எனக்கும் இருந்திருக்காது. அதே சமயம், அவருக்கு அந்த ஆசை இருந்தது என்றால், அவருடைய வாழ்க்கை கல்லூரியிலேயே நிறைவடைந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அந்தக் குறையை அவர் உணர்ந்திருந்தால் அதை மறைப்பதும் ஒருவகை அநியாயம்தானே.

ஆனாலும் இரக்கத்தை முன்னால் நிறுத்தும் தலைப்பை இன்றைக்கும் எதிர்ப்பேன். நோயாளியாக மட்டும் நினைவில் நிற்க வேண்டியவர் அல்ல அவர்.

2005-இல் சிரக்யூஸ் 44-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவு செய்தது. ஜிம் பிரவுன், டேவிஸ், ஃபிளாய்ட் லிட்டில் ஆகியோர் அணிந்த எண் அது. லிட்டிலைக் கல்லூரியில் சேரும்படி கேட்டவர் டேவிஸ்தான். எங்கே சேர்வது என்று முடிவெடுக்காமல் இருந்த அந்த இளைஞர், டேவிஸ் இறந்த செய்தி கேட்டபின்தான் சிரக்யூஸ் பயிற்சியாளரிடம் வருகிறேன் என்று சொன்னார். அவரை இழுத்தது டேவிஸ் ஆடிய ஆட்டமா, ஆடாமல் போன ஆட்டமா? சாரிடம் இதைக் கேட்க வேண்டும்.