ஊட்டி உறைபனி நாட்கள்

எல்லாரும் மே மாசம்தான் ஊட்டிக்கு வர்றாங்க, மலர் கண்காட்சி, டிராஃபிக்னு... ஆனா என்னை கேட்டா இந்த ஊர் ரொம்ப அழகா இருக்கறது டிசம்பர் ஜனவரிலதான்.

2,240 மீட்டர் உயரம் இல்லையா, ராத்திரி மேகமே இல்லாம வானம் தெளிவா இருந்துச்சுன்னா தரையோட சூடு மொத்தமும் மேல போயிடும், கனமான குளிர் காத்து பள்ளத்துல போய் தங்கிடும், அதனாலதான் தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான பக்கமெல்லாம் காலைல புல்லு மேல உறைபனி உப்பு தூவின மாதிரி கிடக்குது, மேட்டுல இருக்கற எங்க வாசல்ல ஒண்ணும் இருக்காது.

ஏழு மணி வெயில் சுவத்துல பட்டதும் அங்க போய் உக்காந்துடுவோம், எங்க ஊர் பிஸ்கட் மாதிரியான வர்க்கிய சூடு டீல முக்கி சாப்பிடணும் பாருங்க, விறகு அடுப்புல வெந்த வர்க்கிதான், அந்த மொறுமொறுப்பு வேற எதுலயும் வராது!! பக்கத்து வீட்டு பாட்டி நீலகிரி படுகர் சமூகம், அவங்க அவரைக்கொட்டை குழம்பான உதக்கா குடுத்து விடுவாங்க, அவங்களோட ஹெத்தையம்மன் பண்டிகையும் இந்த சமயத்துலதான், எல்லாரும் வெள்ளை உடுப்புல போறத பாக்கவே மனசு நிறைஞ்சிடும்.

தேயிலை வச்சிருக்கவங்களுக்கு மட்டும் கஷ்டம்ங்க, உறைபனி பட்டு வெயிலும் அடிச்சா கொழுந்து கருகிடும், இளஞ்செடிய தழை போட்டு மூடி காப்பாத்தறாங்க, அந்த உழைப்பு பெருசு.

சாயங்காலம் கணப்புல கை காட்டிக்கிட்டு கதை பேசறது தனி சுகம். ஜனவரில வாங்க, ஸ்வெட்டர் மட்டும் பத்தாது, மங்கி குல்லாவும் எடுத்துக்கோங்க.