சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டிவிடுகிறது. ஹூஸ்டனில் இப்போது மதியம் மூன்றரை, நான் மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலாவது மாடிக்குப் போகிற நேரம். இங்கே மதுரை செல்லூரில் தெருவே தூங்குகிறது, நான் மட்டும் மொட்டைமாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். லீவில் வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் சொந்தபந்தத்தில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள்: "அமெரிக்கா போயும் மருந்துக்கடைதானாத்தா?"

கடை இல்லை, ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற ஃபார்மசி, அதில் ஃபார்மசிஸ்ட்டுக்குக் கீழே வேலை பார்க்கிற டெக்னீஷியன் என்று சொன்னால், "அதான், மருந்து எடுத்துக் குடுக்கறது" என்று முடித்துவிடுகிறார்கள். சரி, தப்பும் இல்லை.

அப்பாவுக்குப் பெரியாஸ்பத்திரி பக்கம், பனகல் சாலையிலிருந்து பிரிகிற சந்தில் மெடிக்கல் ஷாப். அரசு ராஜாஜி மருத்துவமனை என்று போர்டில் இருந்தாலும் எங்களுக்கு அது பெரியாஸ்பத்திரிதான், பழைய ஆட்கள் சிலர் இன்னும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குப் போய்விடுவேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று எங்கெங்கிருந்தோ வந்து நிற்கிற ஜனத்துக்கு அட்டையில் நாலு மாத்திரை, ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்து, "இது காலையில, இது ராத்திரி சாப்பிட்டப்புறம்" என்று கவரில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து தருவேன். பேரே இல்லாத வெட்டுத்துண்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் மாத்திரையின் நிறம், அட்டையின் பின்பக்கம் இதை வைத்தே அப்பா சொல்லிவிடுவார். பி.ஃபார்ம் முடிக்கும்போது எனக்கும் அந்தக் கண் வந்திருந்தது. அதில் எனக்கு ரொம்பத் திமிர்.

2016-இல் கல்யாணம், அவருடைய வேலையை ஒட்டி ஹூஸ்டன். வேலை விசாக்காரரின் மனைவிக்குத் தருகிற ஹெச்4 விசாவில் போனவள் வேலை பார்க்க முடியாது, கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விதியே 2015-இல்தான் வந்தது. மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன், அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, சமைத்தேன். அட்டை வந்ததும் ஃபார்மசிஸ்ட் ஆகலாம் என்று பார்த்தால், 2003-க்குப் பிறகு படித்து முடித்தவர்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு வேண்டும். நம்ம பி.ஃபார்ம் நாலு வருஷம். அந்த ஒரு வருஷத்துக்காகத் திரும்ப முதலிலிருந்து படிக்கக் காசும் இல்லை, பொறுமையும் இல்லை. டெக்னீஷியன் பரீட்சை எழுதினேன். 90 கேள்வி, ஒரு மணி ஐம்பது நிமிஷம், 1400 எடுத்தால் பாஸ். பாஸ் செய்துவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன், சந்தோஷத்தில் இல்லை.

போன முதல் வாரமே பேர்கள் காலை வாரிவிட்டன. பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்புட்டமால் அல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். அவசரத்தில் நர்ஸ் போனில் கேட்பார், எனக்கு ஒவ்வொன்றையும் மனசுக்குள் மதுரைப் பேருக்கு மாற்றிப் பார்த்தால்தான் கை ஓடும். சிரிஞ்சில் ஒட்டுகிற லேபிளில் ஏழாம் மாதம் நாலாம் தேதியை நம்மூர் வழக்கப்படி 4/7 என்று எழுதி வைத்தேன். அங்கே அது ஏப்ரல் ஏழு. எப்போதோ காலாவதியான மருந்தைச் செய்து வைத்திருக்கிறாள் என்று ஒரே சிரிப்பு.

அதைவிட முக்கியமானது ஹைட்ராலஸின், ஹைட்ராக்ஸிஸின். முன்னது ரத்த அழுத்தத்துக்கு, பின்னது அரிப்புக்கு. ஆங்கிலத்தில் எழுத்தும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் வேறுபடுகிற பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு வைப்பார்கள். (தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, நமக்கு அந்த வசதியும் இல்லை.) ஒருநாள் வார்டு அலமாரிக்கு மருந்து எடுக்கும்போது, பார்கோடை வைத்துச் சரிபார்க்கிற ஸ்கேனரைத் தொடாமல், 'எனக்குத் தெரியாததா' என்று கண்ணால் பார்த்தே எடுத்து வைத்துவிட்டேன். கடைசியாகச் சரிபார்க்கிற ஃபார்மசிஸ்ட் அம்மா பிடித்துவிட்டார். திட்டவில்லை. "உனக்குத் தெரியுமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை, ஸ்கேன் பண்ணு" என்றார், அவ்வளவுதான். அப்பா கடையில் என் கண்தான் என் மரியாதை. அதைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வா என்கிறார்கள்.

கழற்றி வைத்தது அது மட்டுமில்லை. டிரிப்ஸ் மருந்து கலக்கிற அறைக்குப் போட்டார்கள். மோதிரம், வளையல், மூக்குத்தி எதுவும் கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, பொட்டும் கூடாது. முழங்கை வரை முப்பது விநாடி கழுவி, தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை எல்லாம் போட்டு, காற்றைச் சலித்து அனுப்புகிற மேடையின் விளிம்பிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே கையை வைத்துத்தான் வேலை. மருந்துக்கும் காற்று வருகிற பக்கத்துக்கும் நடுவில் கை குறுக்கே போகக் கூடாது. தாலி உள்ளே கிடந்ததால் தப்பித்தது. வீடியோ காலில் என் கையைப் பார்த்த அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "வெறுங்கையோடயாடி நிக்கிற?" இப்போது வந்து இறங்கியதும் அப்பத்தா முதலில் சொன்னது, "மூக்கு மூளியா இருக்கேத்தா." துவாரம் தூர்ந்தே போய்விட்டது.

ஹூஸ்டனை ஒட்டி பியர்லாண்டில் ஒரு மீனாட்சி கோயில் இருக்கிறது. மதுரைக்காரி, வாரம் தவறாமல் போவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சனி ஞாயிறுதான் எனக்கு டூட்டி.

ஒன்று மட்டும் இன்னும் பழகவில்லை. லிஃப்ட்டில் யாராவது நோயாளியின் வீட்டுக்காரர், "இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டால் நான் பதில் சொல்லக் கூடாது, ஃபார்மசிஸ்ட்டைக் கூப்பிட வேண்டும். எனக்குத் தெரியும். ஆயிரம் கவரில் எழுதியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

போன வியாழக்கிழமை அப்பா கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு அம்மா மூன்று மாத்திரை மட்டும் ஒட்டியிருந்த துண்டை நீட்டினார், பேரும் இல்லை, தேதியும் இல்லை. அப்பா திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார். அவர் போனதும் கேட்டேன், "பேரு தெரியாம எப்படிப்பா குடுக்கறீங்க?" "பேரு தெரியும். அந்தம்மாவையும் தெரியும், மேலூர், இருபது வருசமா வருது." நான் ஸ்கேனர் கதையைச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, "உன் மிஷினுக்கு மேலூர் அம்மாவைத் தெரியுமா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் அந்தக் கம்பெனி நாளைக்கே அட்டையின் நிறத்தை மாற்றிவிட்டால் என்று வயிற்றில் ஒரு கலக்கம், அது அங்கே போய்க் கற்றுக்கொண்டது.

அப்புறம் ஊசி விவகாரம். நான் கிளம்புவதற்கு முன்னாலேயே அம்மா சொல்லியிருந்தார், "அங்கிட்டு இன்சுலின் ஊசி மெல்லிசா இருக்குமாம், வலிக்காதாம், அப்பத்தாவுக்கு ரெண்டு டப்பா வாங்கிட்டு வா." நான் வாங்கவில்லை. ரெண்டு டப்பா ஊசிக்கு வக்கில்லாமல் போச்சா என்று ஒன்பது நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். நேற்று உட்கார வைத்துச் சொன்னேன். அப்பத்தா போடுகிற குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குத்தான் சிவப்பு மூடி ஊசி. அங்கே மில்லிக்கு 100, ஆரஞ்சு மூடி. இந்த மருந்தை அந்த ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். அந்த மருந்தை இந்த ஊசியில் 20 வரை இழுத்தால் 50 போய்விடும், ஆள் மயங்கி விழும். பேனா ஊசி போடுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை, அப்பத்தா பேனாவைத் தொடமாட்டேன் என்கிறார்.

"அப்ப அங்கேயிருந்து மருந்தையும் சேர்த்துக் கொண்டு வந்திருக்கலாம்ல?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். "அந்த மருந்து தீர்ந்த அன்னைக்கு இந்தக் குப்பியைத்தானம்மா எடுப்பீங்க, ஊசி அதுவே இருக்கும்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

இன்று தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அப்பத்தாவின் குப்பியைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, அதில் ஒரு சிவப்பு மூடி ஊசியைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது.