வாரிசுப் பட்டியலில் விட்டுப்போன பெயர்

போன தை மாதம் அப்பா இறந்தார். கொடுமுடிக் காவிரியில் சாம்பல் கரைத்தது, பதினாறாம் நாள் கருமாதி எல்லாவற்றையும் பங்காளிகள் முன்னே நின்று நடத்திக் கொடுத்தார்கள். நாங்கள் தடுமாறியது அதற்கப்புறம்தான்.

எங்கள் ஊர் பெருந்துறைப் பக்கம். அப்பா இறந்தது டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். அண்ணன் நேராக ஊர் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றான். "டவுன்ல இறந்தவரை நான் இங்க பதிய முடியாதுங்க" என்று அவர் பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. ஆஸ்பத்திரி என்றால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். 21 நாளைக்குள் பதிந்துவிட்டால் தொல்லை இல்லை.

தொல்லை எங்களுக்குப் பெயரில் வந்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இருப்பதுபோல அப்பா பெயரும் 'சாமி' என்று முடியும். ஆதாரில் ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'டபிள்யூ' உண்டு. இறப்புச் சான்றிதழில் அது இல்லை. அப்பாவின் வங்கிக் கணக்கில் நாமினியும் போட்டிருக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆதார்ல இருக்கறது ஒருத்தர், செத்தது ஒருத்தர். எப்படிங்க குடுக்கறது?"

அண்ணன் ஒன்றும் பேசாமல் ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்தான். வண்டியை எடுக்கப் போனவன், டேங்க்கின் மேல் தலையைச் சாய்த்து, ஹெல்மெட்டை மடியில் இறுக்கிப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதான். கொள்ளி வைத்துவிட்டு வந்தபோதுகூட அழாதவன் அவன். பந்தல்காரர் கணக்கு, பாத்திர வாடகை, ஜெராக்ஸ் என்று ஓடிக்கொண்டே இருந்தான். இவனுக்கு மனசே இல்லையா என்று நான் உள்ளுக்குள் கோபமாக இருந்தேன்.

அந்த நாட்களில் எனக்குத் தூக்கமில்லை. துக்கம் ஐந்து கட்டமாக வரும் என்று போனில் படித்துவிட்டு, வீட்டில் யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்று அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் போய்ப் பார்த்த ஆலோசகர்தான் தெளிவுபடுத்தினார். எலிசபெத் கியூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அந்த ஐந்தையும் சொன்னது, தாங்களே சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. இழந்தவர்கள் எல்லாரும் அந்த வரிசையில்தான் போக வேண்டும் என்றில்லை. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது எங்கள் வீட்டுக்குப் பொருந்தியது. மனசு கொஞ்ச நேரம் இழப்பில் கிடக்கும், கொஞ்ச நேரம் வேலையைப் பார்க்கும். ஊஞ்சல் மாதிரி இரண்டுக்கும் போய்ப் போய் வரும். அண்ணனின் ஜெராக்ஸ் ஓட்டமும் துக்கம்தான். ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாதபடி துக்கம் அழுத்தினால் மட்டும் தள்ளிப்போடாமல் உதவி கேளுங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சான்றிதழில் பெயரைத் திருத்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் கடிதம் வாங்க மூன்று நடை. "போன வாரமே வந்திருக்கணும்" என்றார் அங்கிருந்தவர். போன வாரம் வந்தவனைத் திருப்பி அனுப்பியதும் அவர்தான். பதிவுக்கு அனுப்பும் படிவத்திலேயே பெயரை ஆதாரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் வீட்டாருக்கு அது தோன்றாது. கூட வந்திருக்கிற மச்சான், மாப்பிள்ளை யாரிடமாவது ஒப்படைத்துவிடுங்கள்.

அப்புறம் இ-சேவையில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம். அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பெயர். விசாரணைக்கு வீட்டுக்கு வந்த வி.ஏ.ஓ. திண்ணையைப் பார்த்துவிட்டு, "உங்க ஆத்தா இருக்காங்கல்லங்க? அவங்க பேரு எங்க?" என்றார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் தாயும் மனைவி மக்களைப் போலவே முதல் வகுப்பு வாரிசு. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆத்தா மஞ்சப்பையிலிருந்து ஆதாரை எடுத்துக் கொடுத்தாள். "ஏனுங்காத்தா, இறந்தவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று முறைக்காகத்தான் அவர் கேட்டார்.

"நான் பெத்த மூத்தவனுங்க சாமி."

இரண்டு மாதத்தில் அதை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர். எழவுக்கு வந்த பெண்கள் எல்லாரும் அம்மாவையும் என்னையும்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆத்தா மூலையில் இருந்தாள். "நீ இருந்துக்கிட்டு அவனை அனுப்பிட்டயே" என்று ஒருத்தி அவளிடம் சொன்னதை நான் கேட்டேன், ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் வெற்றிலை போடவில்லை. பல் வலி என்று நினைத்தோம். இப்போது திண்ணையில் உட்கார்ந்து, தொடையைத் தட்டித் தட்டி, மெல்லிய குரலில் ஒப்பாரி எடுத்தாள். வி.ஏ.ஓ. பேனாவை மூடிவிட்டு, அவள் முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆர்.ஐ., தாசில்தார் எல்லாம் சிக்கலின்றி முடிந்து, நான்கு பெயரோடு சான்றிதழ் வந்தது. ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். தன் பெயரைக் கேட்டுக்கொண்டு, "அவம் பேரும் இருக்குதா கண்ணு?" என்றாள். மேலேயே இருக்கிறது என்று விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும். ஆத்தாவின் கைநாட்டும் வேண்டுமாம். அவளே வருகிறேன் என்றிருக்கிறாள்.