திங்கட்கிழமையும் நிற்கிற சந்தோஷம்

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இயேசு ஊழியத்துக்கு அனுப்பிய எழுபது பேர் போன வேலையை முடித்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வருகிறார்கள். “ஆண்டவரே, உம்முடைய நாமத்தினாலே பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது” என்கிறார்கள். இயேசுவோ, அதற்காகச் சந்தோஷப்படாமல் உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்று பேச்சைத் திருப்பிவிடுகிறார். இதைத் தோற்றுப்போனவர்களுக்குச் சொன்ன ஆறுதலாகவே பலரும் வாசிக்கிறோம். ஜெயித்து வந்தவர்களிடம் அவர் சொன்ன வார்த்தை இது.

வேலைக்குப் போகிற விசுவாசிக்கு இந்த வசனம் உயிர்நாடி. வேலையின் பலனால் வரும் மகிழ்ச்சிக்கு ஆயுசு குறைவு. பதவி உயர்வுக் கடிதம் ஒரு வாரம் இனிக்கும். அடுத்த மாதமே புது இலக்கும் புதுக் கவலையும் மேசைக்கு வந்துவிடும். மேலதிகாரியின் முகம் மாறினால் நம் மனசும் மாறும். கிறிஸ்து காட்டுகிற சந்தோஷத்துக்கு வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்டு மதிப்பீடு எப்படி வந்தாலும், எழுதப்பட்ட அந்தப் பெயரை யாரும் அடித்துவிட முடியாது.

இது விசுவாசித்த அன்றே முழுசாக வந்துவிடுவதும் இல்லை. சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும் பவுல், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் “கற்றுக்கொண்டேன்” (4:11) என்கிறார். கற்றுக்கொள்வது என்றால் பயிற்சி வேண்டும், நாள் வேண்டும்.

காலையில் கைபேசியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் போதும். வேதாகமத்திலிருந்து ஒரே ஒரு சங்கீதம், அதிலிருந்து ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சிறு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். முதல் நாளே ஒரு மணி நேரம் என்று ஆரம்பிப்பவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். நான்கு நாள் தவறியதும் குற்ற உணர்வு வந்து ஐந்தாம் நாளையும் தின்றுவிடும். தவறிய நாட்களுக்கு ஈடுகட்ட வேண்டாம். அன்றைக்கு உரியதை மட்டும் வாசித்தால் போதும்.

பகலுக்கு ஒரு குறுஞ்ஜெபம் வேண்டும். “தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்” என்ற சங்கீதம் 70:1-ஐ எந்நேரமும் சொல்லும்படி 5-ஆம் நூற்றாண்டிலேயே ஜான் காசியன் என்ற துறவி மற்றத் துறவிகளுக்குப் பரிந்துரைத்தார். நினைவு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் நினைவே வராது. தினமும் தவறாமல் செய்கிற ஒரு செயலோடு கட்டிவிட வேண்டும்: கணினியைத் திறக்கும்போது, கை கழுவும்போது, கூட்டத்துக்குள் நுழையும்போது.

ஒரு கண்டன மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு நகல் போயிருக்கிறது. தோள் இறுகுகிறது, விரல் பதில் தட்டத் துடிக்கிறது. அந்த நொடியில் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு அந்த ஜெபத்தை மூன்று முறை, மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்ல வேண்டும். பிறகு மின்னஞ்சலை மறுபடி வாசித்து, அதில் உண்மை எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். உண்மைக்கு மட்டும் பதில் எழுதினால் போதும். கோபத்துக்கு எழுதும் பதில்தான் அன்றைய சமாதானத்தைச் சாயங்காலம் வரை குடித்துவிடுகிறது.

வேலை பிடிக்காவிட்டால் இதெல்லாம் நடக்குமா? 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கார்மேல் மடத்தில் சமையலறையில் உழைத்த சகோதரர் லாரன்ஸுக்கு அந்த வேலை இயல்பாகவே பிடிக்காது. அங்கேயே ஏறக்குறைய 15 வருடம் தேவனோடு பேசிக்கொண்டே பாத்திரங்களோடு வாழ்ந்தார். வேலை பிடித்துப்போன பிறகுதான் சந்தோஷம் வரும் என்று அவர் காத்திருக்கவில்லை.

இரவில் பத்து நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது, இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் பழக்கிய வழி. முதலில் நன்றி. பிறகுதான் தவறு, மன்னிப்பு, நாளைக்கான உதவி. இந்த வரிசை மாறினால் ஜெபம் குற்றப்பத்திரிகையாகிவிடும். நன்றியும் குறிப்பாக இருக்க வேண்டும். “எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்” என்பது மனதில் ஒட்டாது. “மூன்று மணிக்குப் பக்கத்து இருக்கைக்காரர் என் கணக்கிலிருந்த பிழையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாரே, அதற்காக” என்றால் ஒட்டும்.

பெரிய ஆபத்து, முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்வது. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். அதில் தாவீது நான்கு முறை “எதுவரைக்கும்” என்று கேட்டுத் தீர்த்த பிறகுதான் “என் இருதயம் களிகூரும்” என்கிறார். முறையிடாமல் அந்த வரிக்குத் தாவ முடியாது. சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். சோர்வை அவிசுவாசம் என்று திட்டுவது கொடுமை. இரண்டு வாரமாக மனம் இருண்டே கிடந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

“கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” (கொலோசெயர் 3:23) என்பதைக் காட்டி அநியாயத்தைச் சகிக்கச் சொல்கிறவர்கள் அதே நிருபத்தின் 4:1-ஐயும் வாசிக்கட்டும். எஜமான்கள் நீதியும் செவ்வையுமானதைச் செய்யவேண்டும் என்கிறது அது. சம்பளத்தை அநியாயமாய்ப் பிடித்துவைத்தால் கேளுங்கள். கேட்பதால் சந்தோஷம் குறையாது.

சந்தோஷம் வேர்விட்டிருக்கிறதா என்று பார்க்க ஓர் இடம் உண்டு: நாம் எதிர்பார்த்த பதவி அடுத்தவருக்குப் போகிற நாள். உள்ளே வலிக்கும், அதை முதலில் தேவனிடம் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே அவர் இடத்துக்குப் போய், அவர் நன்றாகச் செய்த ஒரு வேலையைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். அந்த வாரம் முழுக்க அவருக்காக ஜெபியுங்கள். முதல் இரண்டு நாள் வார்த்தை நாக்கில் கசக்கும்.